பனிக்காலத்தில் பைக்கில் ஊட்டி: முதலில் காற்றை அடைத்துவிடுங்கள்

மேட்டுப்பாளையத்தில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க டீ குடிக்கிறவர்கள்தான், ஒன்றரை மணி நேரம் கழித்து அருவங்காடு தாண்டி, விரல் விறைத்துப்போய் வண்டியை ஓரங்கட்டுகிறார்கள். ஸ்வெட்டர் போதாமல் இல்லை. பின்னல் துணியின் கண் வழியாகக் காற்று நேராக உள்ளே புகுந்து, உடம்பு சூடாக்கி வைத்த காற்றை நொடிக்கு நொடி துடைத்துக்கொண்டு போகிறது. அந்த ஸ்வெட்டருக்கு மேல் சாதாரண மழைக்கோட்டு ஒன்றைப் போட்டால் போதும், அதே ஸ்வெட்டர் இரண்டு மடங்கு வேலை செய்யும். பைக்கில் குளிர் என்றாலே காற்றுதான். அதை அடைத்தபிறகுதான் கம்பளிக்கு அர்த்தம்.

கணக்கைப் பாருங்கள். ஊட்டியில் காலை 5 டிகிரி. நின்றுகொண்டிருந்தால் 5 டிகிரிதான். 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 1 மாதிரி இருக்கும். 60-ல் மைனஸ் 2. வெளியே பூஜ்யம் டிகிரி என்றால் 60 கிலோமீட்டர் வேகத்தில் மைனஸ் 9 மாதிரி கடிக்கும். இதில் கவனிக்க வேண்டியது, 60-லிருந்து 40-க்கு இறங்கினால் ஒரு டிகிரிதான் மிச்சம். மெதுவாகப் போனால் குளிராது என்பது பெரிதாக உதவாது. காற்றுப் படாமல் மூடினால்தான் உதவும்.

கிளம்பும் நேரமும் இடமும்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். குன்னூர் 1,850. ஊட்டி 2,240. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், அடிவாரத்தில் 20 டிகிரி இருக்கும்போது மேலே 8 இருக்கும். ஆனால் வானம் தெளிந்து காற்று அசையாத ராத்திரிகளில் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். கனமான குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தொட்டபெட்டா சரிவைவிடக் கீழே இருக்கும் தலைக்குந்தா புல்வெளியிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் புல் வெள்ளையாக உறைந்து கிடப்பது அதனால்தான். சாலை பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் முழங்காலில் சட்டென்று ஐஸ் தண்ணீர் ஊற்றியதுபோல் இருக்கும். அங்கேதான் தார்ச்சாலையும் ஈரமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள்.

ஒரு நாளில் குளிர் உச்சத்தைத் தொடுவது நடுராத்திரியில் இல்லை, சூரியன் எழும் நேரத்தை ஒட்டி. நான்கு மணிக்கு அடிவாரத்தில் கிளம்பினால் மிகக் குளிரான இடத்துக்கு மிகக் குளிரான நேரத்தில் போய்ச் சேர்வீர்கள். ஆறரைக்குக் கிளம்புங்கள். தை பிறந்ததும் குளிர் போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மா சொல்லவில்லை. மலையில் உறைபனி பிப்ரவரியிலும் விழும்.

அடுத்தது, எல்லாவற்றையும் அடிவாரத்திலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். அங்கே வரும் வியர்வை உள்ளாடையில் தங்கி, மேலே போனதும் ஈரத்துணியை உடம்பில் சுற்றியதுபோல் ஆகிவிடும். மேட்டுப்பாளையத்தில் உள் அடுக்கும் ஜாக்கெட்டும் போதும். பர்லியாரில் வண்டியை நிறுத்தி நடு அடுக்கையும் மழைக்கோட்டையும் போடுங்கள். குளிர ஆரம்பித்தபிறகு போடலாம் என்று தள்ளிப்போட்டால் தோற்றுவிடுவீர்கள். இழந்த சூட்டை ஓடும் வண்டியில் திரும்பப் பெறுவது ரொம்பக் கஷ்டம்.

உடம்பு: மூன்று அடுக்கு

உடலோடு ஒட்டி இருப்பது பருத்தி பனியனாக இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் கலந்த தெர்மல், கிடைத்தால் மெரினோ கம்பளி. அதுவும் இல்லாவிட்டால் ஜிம்முக்குப் போடும் முழுக்கை டி-ஷர்ட் நன்றாகவே உதவும். இறுக்கமாக இல்லாமல், உடம்போடு படிந்து இருந்தால் சரி. கீழ் நுனியைப் பேன்ட்டுக்குள் செருகுங்கள். ஹேண்டிலை நோக்கிக் குனிந்ததும் பின்னால் ஜாக்கெட் மேலேறி இடுப்பில் நான்கு விரல் அகலம் திறந்துகொள்ளும். பலர் கண்டுபிடிக்காமலே நடுங்குவது அந்த இடைவெளியால்தான். ஒரு துண்டை இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி அதன்மேல் ஜாக்கெட்டை இழுத்துவிட்டால் தீர்ந்தது.

நடு அடுக்கு காற்றைப் பிடித்து வைக்கும் பஞ்சு. ஃப்ளீஸ் என்கிற பொசுபொசுத் துணி நல்லது, ஸ்வெட்டரும் போதும். கைவசம் இல்லையென்றால் ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் பக்கம் திபெத்தியர் கடைகளில் கிடைக்கும்; ஆனால் அது மேலே போய்ச் சேர்ந்தபிறகு. கனமான ஒன்றைவிட மெல்லிய இரண்டு மேல். இரண்டுக்கும் நடுவே காற்று தங்கும், தேவைப்பட்டால் ஒன்றைக் கழற்றலாம். ஜாக்கெட்டுக்குள் திணித்து அமுக்கினால் பயன் இல்லை; அமுங்கிய பஞ்சில் காற்று இருக்காது. ஜிப் போட்டபின் கையை மார்புக்குக் குறுக்கே கட்டிப் பாருங்கள். தோள்பட்டை இழுத்தால் ஓர் அடுக்கைக் குறையுங்கள்.

வெளி அடுக்கில்தான் நம் ஊரில் தவறு நடக்கிறது. தமிழ்நாட்டில் விற்கும் ரைடிங் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவை வெயிலுக்கான வலைத்துணி. விழுந்தால் காப்பாற்றும், காற்றை நிறுத்தாது. உள்ளே மாட்டும் மழை லைனர் காற்றை நிறுத்தும், ஆனால் பனிமூட்டத்திலும் தூறலிலும் வெளித்துணி நனைந்து, அந்த ஈரம் காற்றில் காயும்போது உங்கள் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். ஆகவே மழைக்கோட்டை ஜாக்கெட்டுக்கு மேலே போடுங்கள். ஜாக்கெட்டோடு கடைக்குப் போய், அதற்கு மேல் போட்டுப் பார்த்து ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். ஆனால் தொளதொளவென்று படபடக்க விடாதீர்கள். ஒவ்வொரு படபடப்பும் உள்ளே இருக்கும் சூடான காற்றை வெளியே தள்ளும். இடுப்பில் ஒரு பெல்ட், மணிக்கட்டில் வெல்க்ரோ, அது இல்லையென்றால் அகலமான ரப்பர் பேண்டு. மழைக்கோட்டு உள்ளே வியர்க்கும்; ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜிப்பை முழுக்கத் திறந்து இரண்டு நிமிடம் ஆவியை வெளியே விடுங்கள்.

மழைக்கோட்டே இல்லாமல் மாட்டிக்கொண்டால் பழைய செய்தித்தாள் கைகொடுக்கும். நான்கு தாளை ஒன்றாக மடித்து, கழுத்துக்குழியிலிருந்து தொப்புள் வரை வருமாறு, ஸ்வெட்டருக்கு மேலும் ஜாக்கெட்டுக்குக் கீழும் வையுங்கள். ஸ்வெட்டருக்கு உள்ளே வைத்தால் ஸ்வெட்டருக்குள் காற்று புகுந்து அது வீணாகும். நனைந்த தாளை உடனே மாற்றுங்கள்.

கழுத்தைக் கவனிக்காமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் பாதிதான் வேலை செய்யும். ஹெல்மெட்டுக்கும் காலருக்கும் நடுவே வரும் காற்று மார்புக்குள் நேராக இறங்கும். முகம் மூடும் மெல்லிய பலாக்லாவா, அதன் நுனி ஜாக்கெட்டுக்குள்ளே. தடிமனான குரங்குக் குல்லாவை ஹெல்மெட்டுக்குள் போடாதீர்கள். ஹெல்மெட் மேலேறி, தலையில் பிடிக்காமல் ஆடும். சால்வை, துப்பட்டா, மஃப்ளர் எதைச் சுற்றினாலும் நுனி வெளியே பறக்கக் கூடாது. பின்சக்கரத்திலும் செயினிலும் சிக்கினால் கழுத்தை இறுக்கி ஆளைக் கீழே இழுக்கும்.

கை

விரல் விறைத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மார்பை, கிளவுஸை அல்ல. நடு உடம்பில் சூடு குறைந்ததும், இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற உடல் கைகால் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். எத்தனை தடிமனான கிளவுஸும் சூட்டை உண்டாக்காது, வந்த சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ரத்தமே வராத விரலில் பிடித்து வைக்க என்ன இருக்கிறது? மார்புக்கு ஒரு ஃப்ளீஸ் கூட்டினால் விரல் சூடாவது இதனால்தான்.

அதன்பிறகு கிளவுஸ். விரலை முழுக்க நீட்டினால் நுனியில் அரை சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். முஷ்டி மடக்கினால் புறங்கையில் இழுக்கக் கூடாது. இறுக்கமான கிளவுஸ் ரத்தத்தை நிறுத்தும், அதனால் மெல்லிய கிளவுஸைவிட அதிகமாகக் குளிரும். உள்ளே மெல்லிய லைனர், வெளியே காற்றுப் புகாத கிளவுஸ் என்று இரண்டாகப் போடுவது சுலபமான வழி. ஆனால் வெளி கிளவுஸ் அதற்கேற்பப் பெரிதாக இருக்க வேண்டும். போட்டுக்கொண்டு பிரேக்கையும் கிளட்ச்சையும் இழுத்து, இண்டிகேட்டரை அமுக்கிப் பாருங்கள். இது கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை.

கம்பளிக் கிளவுஸ் மட்டும் போட்டிருந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் நைட்ரைல் கையுறையை அதன் உள்ளே போடுங்கள். கம்பளியில் காற்று புகுந்தாலும் தோலில் படாது, ஒரு மணி நேரத்துக்கு ஓரளவு காக்கும். அதற்குள் வியர்வை தேங்கிவிடும், கழற்றித் துடைத்துவிட்டுப் புதிய ஜோடி போட வேண்டும்.

ஜாக்கெட்டின் கைநுனி காற்றை எதிர்கொண்டு புனல்போல் திறந்திருக்கும். கிளவுஸ் நீளமாக இருந்தால் கைநுனி அதற்குள்ளே போகட்டும். குட்டையாக இருந்தால் கிளவுஸ் கைநுனிக்குள்ளே போகட்டும். இரண்டும் தொட்டுக்கொண்டு நடுவே மணிக்கட்டு தெரிந்தால், அந்த ஒரு விரல் இடைவெளி முழங்கை வரை குளிர வைக்கும்.

விரலுக்கு முன்னால் காற்றைத் தடுக்க ஹேண்டிலில் பொருத்தும் ஹேண்ட்கார்டு, பணத்துக்குப் பலன் தருவதில் எனக்குத் தெரிந்து முதலிடம். ரெக்சின் உறை போன்ற ஹேண்டில் கவர் அதைவிடச் சூடு. ஆனால் இரண்டு ஆபத்து உண்டு. வேகத்தில் காற்று அந்த உறையை லீவர்மேல் அழுத்தும். பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கிளட்ச் அரை இழுவையில் தேயும். ஆக்ஸிலரேட்டரும் உறையில் மாட்டிக்கொள்ளலாம். பொருத்தியபின் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, இரண்டு நிலையிலும் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிட்டுப் பாருங்கள். தானாகச் சட்டென்று திரும்ப வேண்டும்.

மின்சாரத்தில் சூடாகும் கைப்பிடியான ஹீட்டட் கிரிப் போடுவதாக இருந்தால் மின்கணக்கு தெரிந்து போடுங்கள். 36 வாட் கிரிப் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பேட்டரியிலிருந்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக எடுத்து, அந்த ரிலேயைச் சாவி போட்டால் மட்டும் இயங்குமாறு இணைக்கச் சொல்லுங்கள். நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டு அணைக்க மறந்தால் மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகாது, அதுவும் குளிரில் பேட்டரி ஏற்கெனவே சோர்ந்திருக்கும் நேரத்தில். பொருத்தியபின் ஹெட்லைட்டும் கிரிப்பும் எரிய, ஓட்டும் ஆர்பிஎம்மில் மல்ட்டிமீட்டர் வையுங்கள். 13.5 வோல்ட் காட்டினால் நிம்மதி. 12.8-க்குக் கீழ் இறங்கினால் பேட்டரி வடிந்துகொண்டிருக்கிறது. 100, 125 சிசி வண்டிகளில் மின்சாரம் அளவாகத்தான் பிறக்கும். அவற்றுக்குத் தனி பேட்டரியில் இயங்கும் கிளவுஸ் பொருத்தம்.

மலையிறக்கத்தில் இன்னும் கவனம். ஏறும்போது விரல்கள் கிரிப்பைச் சுற்றி மடங்கி இருக்கும். இறங்கும்போது பிரேக்கின்மேல் நீண்டு, நேராகக் காற்றில் நிற்கும். இரண்டாவது கியரில் எஞ்சினைப் பிடிக்கவிட்டு இறங்கினால் லீவரில் விரல் வைக்கும் நேரம் குறையும். ஊட்டியிலிருந்து திரும்புவதை காலை ஒன்பதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்

ஜீன்ஸ் காற்றை நிறுத்தாது. உள்ளே தெர்மல், மேலே மழைப் பேன்ட். முழங்கால்தான் நேராகக் காற்றை வாங்குவது. அங்கே ஒரு நீ-கேப் போட்டால் குளிரும் போகும், வலியும் வராது. சாக்ஸ் இரண்டு போடுவதென்றால் ஷூவில் விரல் அசைய இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று போதும். தடித்த ஷூ கியர் லீவருக்குக் கீழே நுழைகிறதா என்று முன்பே பாருங்கள்; நுழையாவிட்டால் கொண்டை ஊசி வளைவில் கியர் விழாது. சாக்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் கவர் மாட்டுவது பழைய வழக்கம். நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை இருப்பதால் ரப்பர் ஷூ கவர் வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீருக்கும் டீக்கும் எவர்சில்வர் பிளாஸ்க்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் முழுப் பயணத்தையும் கெடுக்கும். லாட்ஜ் வாசலில் இரவு நின்ற வண்டியின் சீட்டில் காலையில் பனி படிந்து, சில நாள் உறைந்தே கிடக்கும். கையால் தட்டிவிட்டு உட்கார்ந்தால் தையல் ஓட்டையில் தேங்கிய ஈரம் பேன்ட்டில் ஏறி இரண்டு மணி நேரத்துக்கு உட்காரும் இடத்தைக் குளிர வைக்கும். இரவே சீட்டின்மேல் ஒரு ரெக்சின் துண்டைக் கட்டிவிட்டுத் தூங்கப் போங்கள்.

கண்ணாடி

முழுமுக ஹெல்மெட்டைத் தவிர வேறெதுவும் இங்கே சரிவராது. அதில் மூச்சின் ஆவி படிவதுதான் தொல்லை. விசரில் (ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியில்) ஆவி படியாமல் தடுக்கும் பின்லாக் உள்கண்ணாடி பொருத்த முளை இருந்தால் அதை வாங்குவது நிரந்தரத் தீர்வு. இல்லையென்றால் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு எடுத்து உட்புறம் தடவி, காய்ந்த மெல்லிய துணியால் கோடு மறையும்வரை துடையுங்கள். ஒரு நாள் தாங்கும். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம், விசரில் விரிசல் விடும். மூக்குக்குமேல் மடங்கும் மூச்சுத் தடுப்பைக் கழற்றாமல் வையுங்கள். நின்றதும் விசரை ஒரு படி திறந்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதிலும் அதே திரவத்தைத் தடவலாம். கறுப்பு விசர் விடியலில் வேண்டவே வேண்டாம்.

பின்னால் உட்காருகிறவர், குழந்தை

ஓட்டுகிறவர் உடம்பு கொஞ்சமாவது வேலை செய்கிறது. பின்னால் இருப்பவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் காற்று குறைவாகப் பட்டாலும் சீக்கிரம் விறைத்துவிடுவார், சொல்லவும் மாட்டார். அரை மணிக்கு ஒருமுறை பேச்சுக் கொடுங்கள். குழந்தையை டாங்க் மேல் முன்னால் உட்கார வைப்பது நம் ஊரில் சகஜம். குளிர்காலத்தில் அது குழந்தையைக் காற்றுக்குக் கேடயமாக வைப்பது. ஓட்டுகிறவருக்குப் பின்னால், பெல்ட் மாட்டி, ஹெல்மெட் போட்டு உட்கார வையுங்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தை வண்டியில் இருந்தால் சட்டப்படி 40 கிலோமீட்டருக்கு மேல் போகவும் கூடாது. பனி விழும் காலையில் குழந்தையோடு பஸ்ஸில் போவதுதான் என் கருத்தில் சரி.

எப்போது நிறுத்துவது

முக்கால் மணிக்கு ஒருமுறை, குளிர்ந்தாலும் குளிராவிட்டாலும். நிறுத்தியதும் கட்டை விரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டு ஒரு காகிதத்தைப் பிடிக்கும் அளவுக்கு அழுத்திப் பாருங்கள். முடியவில்லையென்றால் அந்தக் கையால் சரியாக பிரேக் பிடிக்கவும் முடியாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி தாமதம் என்றால் வண்டி ஐந்தரை மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். கொண்டை ஊசி வளைவில் அந்த ஐந்தரை மீட்டர் இருக்காது.

விறைத்த கையை சைலன்சரிலோ எஞ்சினிலோ வைக்காதீர்கள். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, பொசுங்கியபின்தான் தெரியும். கிளவுஸைக் கழற்றிக் கைகளை அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது கையை முழுசாகத் தோளிலிருந்து சக்கரம்போல் இருபது முப்பது தடவை வேகமாகச் சுழற்றுங்கள். ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும், குத்தும் வலியோடு உணர்வு திரும்பும். சர்க்கரை போட்ட சூடான டீ, கூடவே வயிற்றுக்கு ஏதாவது. வெறும் வயிற்றில் உடம்பு அவ்வளவாகச் சூடு உண்டாக்காது. மது குளிரை விரட்டும் என்பது தவறு. தோலுக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டுச் சூடாக இருப்பதாக நினைக்க வைக்கும், உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொட்டிவிடும்.

நடுக்கம் நிற்காமல் இருப்பது, பேச்சு குழறுவது, சாவியைப் போடத் தெரியாமல் தடுமாறுவது, எதற்கும் அக்கறை இல்லாமல் இருப்பது: இவை உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதன் அடையாளம். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது இன்னும் மோசம். வண்டியை விடுங்கள். காற்றுப்படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையைக் கழற்றி, காய்ந்த துணியும் கம்பளியும் சுற்றி, மார்பையும் கழுத்தையும் முதலில் சூடாக்குங்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள். நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானம். குழறலோ மயக்கமோ இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

இரவில் தங்கினால்

ஈரமான கிளவுஸும் ஷூவும் ஊட்டி அறையில் தானாகக் காயாது. உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கப்போகும் முன் ஒருமுறை தாளை மாற்றுங்கள். தோல் கிளவுஸை ஹீட்டருக்கு எதிரில் வைத்தால் விறைத்து வெடித்துவிடும். மெல்லிய லைனரையும் சாக்ஸையும் மட்டும் கம்பளிக்கு அடியில் போட்டுக்கொண்டு தூங்குங்கள். காலையில் காய்ந்தும் இருக்கும், வெதுவெதுப்பாகவும் இருக்கும்.